சட்டியில் ஊற்றிய திராட்சை இரசம்



சென்ற திங்களில் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்றை இருமுறை படித்த பின்னும் கோப்பினுள் வைக்க மனம் வரவில்லை. எழுதியவர் ஐம்பது வயதைக் கடந்த ஒரு தாய். அவருடைய ஊரும் பெயரும் இங்கு வேண்டா. அவருடைய இசைவைப் பெற்றே இதனை எழுதுகிறோம்.

அத்தாயின் மகள் இத்தாலி நாட்டு மிலான் நகரில் செவிலியராகப் பணிபுரிகிறார். பெற்றோர் இருவரும் அங்குச் சென்று ஒரு மாத காலம் தங்கினர். தந்தை ஒரு காலத்தில் குடியினால் குடும்பத்தைக் கண்ணீரில் ஆழ்த்தியவர். இறையருளாலும் மனைவியின் பொறுமையாலும் ஒன்பது ஆண்டுகளாக ஒரு துளியும் தொடாதவர். ஒரு மாலை மகள் அவ்வூர் முறைப்படி குங்குமப்பூ இட்ட மஞ்சள் நிறச் சோறு சமைத்தார். தந்தை அதனை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி உண்டார். மறுநாள் பாத்திரம் துலக்கும்போதுதான், அச்சோற்றில் அரைக் குவளை வெள்ளை ஒயின் சேர்ந்திருந்தது தாய்க்குத் தெரிய வந்தது. பதறிய தாயிடம் மகள், “அதெல்லாம் நெருப்பிலேயே போய்விடும் அம்மா, பயப்படாதீர்கள்” என்றாராம்.

கடிதம் இவ்வாறு முடிகிறது: “இந்தக் கிறிஸ்துமசுக்கு அவள் வருகிறாள். முட்டையும் ஒயினும் சேர்த்து ஓர் இனிப்புச் செய்து அப்பாவுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஆசையோடு எழுதியிருக்கிறாள். சுவாமி, மகள் சொல்வது மெய்தானா? அன்று நடந்ததை அவரிடம் சொல்லலாமா, மறைக்கலாமா?”

முதற் கேள்விக்கு விடை காணாமல் இரண்டாவதற்கு விடை கூற இயலாது. ஆகவே இம்மாதம் நாம் அடுக்களைக்குள் நுழைகிறோம். அயல் நாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் இது பயன்படும் என நம்புகிறோம்.

நம் புளியும் அவர்கள் ஒயினும்

பிரான்சு, இத்தாலி, சுவிட்சர்லாந்து, செருமனியின் ரைன் ஆற்றங்கரை ஆகிய இடங்களில் வெள்ளை ஒயின் சட்டியில் விழுவது குடிவெறியினால் அன்று. திராட்சை விளையும் நிலத்தில் அதுவே கைக்கெட்டிய புளிப்பு. நம் வீட்டில் மீன் குழம்புக்குப் புளி கரைப்பது போன்றதே அது. ஒயினில் உள்ள டார்டாரிக் அமிலம் நம் புளியிலும் உள்ளது. வெண்ணெயும் பாலாடைக் கட்டியும் கொழுப்பு இறைச்சியும் நிறைந்த அந்நாட்டு உணவில், கொழுப்பின் திகட்டலை முறிக்க ஒரு புளிப்பு வேண்டியிருக்கிறது.

வெள்ளை ஒயின் ஏன், சிவப்பு ஏன் ஆகாது என்று கேட்கலாம். சிவப்பு ஒயின் திராட்சைத் தோலோடு சேர்ந்து புளிப்பது. ஆகவே அதில் நிறமும் துவர்ப்பும் இறங்கிவிடுகின்றன. சட்டியில் வற்ற வற்ற அத்துவர்ப்பு மிகும். மீனும் கோழியும் சோறும் மங்கிய ஊதா நிறம் பெறும். வெள்ளை ஒயின் தோல் நீக்கிய சாற்றிலிருந்து செய்யப்படுவது. அது வற்றினாலும் துவர்ப்பதில்லை. முட்டையின் மஞ்சளையும் மீனின் வெண்மையையும் கெடுப்பதில்லை.

மிலான் மாநகரின் மஞ்சள் சோற்றுக்கு ரிசோட்டோ என்று பெயர். நால்வருக்கு ஏறத்தாழ 320 கிராம் அரிசி. நம் சன்ன அரிசி அதற்கு ஆகாது. மாவுச் சத்து மிகுந்த குண்டு அரிசி வேண்டும். வெண்ணெயில் வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, கழுவாத அரிசியைச் சூடேறப் புரட்டி, 100 மில்லி வெள்ளை ஒயினை ஊற்றுவார்கள். ‘சுர்’ என்ற ஓசையோடு ஆவி எழும். ஒயின் வற்றிய பின், கொதிக்கும் எலும்புச் சாற்றை அகப்பை அகப்பையாக ஊற்றிக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். இறுதியில் குங்குமப்பூவும் வெண்ணெயும் துருவிய பாலாடைக் கட்டியும் சேரும். ஒயின் ஊற்றிய நேரம் முதல் இறக்கும் வரை ஏறத்தாழ 18 நிமிடங்கள். இந்த 18 நிமிடங்களை நினைவில் கொள்ளுங்கள், பின்னர்த் தேவைப்படும்.

கடலோரப் பிரான்சில் சிப்பியைச் சின்ன வெங்காயம், வெண்ணெய், வெள்ளை ஒயின் ஆகியவற்றோடு மூடி, நான்கைந்து நிமிடங்களில் இறக்கிவிடுவார்கள். வாய் திறவாத சிப்பியை எறிந்துவிட வேண்டும் என்பது அங்கும் விதி. சுவிட்சர்லாந்தில் பூண்டு தேய்த்த மண் சட்டியில் வெள்ளை ஒயினைச் சூடாக்கி, பாலாடைக் கட்டியை உருக்கி, அதில் ரொட்டித் துண்டுகளைத் தோய்த்து உண்பார்கள். அதற்கு ஃபோந்து என்று பெயர். ஒயினின் புளிப்பு இல்லாவிடில் அக்கட்டி நூல் நூலாகத் திரண்டு சட்டியின் அடியில் தங்கிவிடும். ஆக, ஒயின் அங்கு மணத்துக்காக மட்டுமன்றி வேலைக்காகவும் சேர்கிறது.

சமைக்கும் பாத்திரத்தைப் பற்றியும் ஒரு சொல். புளிப்பு உள்ளதால் ஒயினை அலுமினியச் சட்டியில் காய்ச்சலாகாது; எவர்சில்வரோ மண் சட்டியோ ஏற்றது. நம் இல்லத்தரசியர் புளிக் குழம்புக்குக் கடைப்பிடிக்கும் அதே விதிதான்.

இனிப்புக் கிண்ணத்தில்

இனிப்புகளுள் எளியது ஒயினில் வேகவைத்த பேரிக்காய். தோல் சீவிய காயை வெள்ளை ஒயின், சர்க்கரை, பட்டை, எலுமிச்சைத் தோல் ஆகியவற்றோடு மெல்லிய தீயில் அரை மணி நேரம் வைத்தால், கத்தி நுழையும் பதத்தில் கண்ணாடி போல் ஆகும். காயை எடுத்துவிட்டுப் பாகை வற்றவைத்து மேலே ஊற்றுவார்கள்.

அம்மகள் செய்ய விரும்பும் இனிப்பு, வட இத்தாலியின் பியமொந்தே பகுதியில் பெயர் பெற்ற சபாயோனே. ஒரு மஞ்சள் கருவுக்கு ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, இரு மேசைக்கரண்டி ஒயின். கருவையும் சர்க்கரையையும் வெளுக்க அடித்து, ஒயினைச் சேர்த்து, கொதிநீரின் ஆவியில் வைத்த கிண்ணத்தில் நுரை பொங்கும் வரை அடிக்க வேண்டும். கிண்ணம் நீரைத் தொடலாகாது, கலவை கொதிக்கலாகாது, கொதித்தால் முட்டை திரிந்துவிடும். பெரும்பாலோர் சிசிலித் தீவின் மார்சாலா ஒயினைச் சேர்ப்பார்கள். 1773-ஆம் ஆண்டு முதல் ஜான் வுட்ஹவுஸ் என்ற ஆங்கில வணிகர் அதனை வெளிநாட்டுக்கு ஏற்றி அனுப்பிப் புகழ் பெறச் செய்தார். அது வெறும் ஒயின் அன்று. சாராயம் சேர்த்து வலுவூட்டப்பட்டது. மற்ற ஒயின்களில் சாராயச் சத்து நூற்றுக்கு 12 அளவில் இருக்க, மார்சாலாவில் 17, 18 வரை இருக்கும்.

இவ்வினிப்பின் பெயர் புனித பாஸ்கால் பாயிலோனின் பெயரிலிருந்து வந்தது என்று துரின் நகரத்தார் ஒரு கதை கூறுவர். அப்புனிதர் ஸ்பெயின் நாட்டு ஏழைத் துறவி. 1592-இல் இறந்து, 1690-இல் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டவர். 1897-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ அவரை நற்கருணை மாநாடுகளின் பாதுகாவலராக அறிவித்தார். அடுக்களைப் பணியாளர்களும் அவரைத் தங்களுக்கு உரியவராகக் கொண்டாடுகின்றனர். பெயர்க் கதையை வரலாறு என்று கொள்ள வேண்டா. இனிப்பின் சுவைக்கு அது தேவையும் இல்லை.

நாம் செய்த பிழை

மிலான் நகரத்து மகளைப் போலவே நாமும் ஒரு காலத்தில் நினைத்திருந்தோம். நினைத்ததோடு நில்லாமல் பேசியும் விட்டோம். அதனை இங்குச் சொல்லியே ஆக வேண்டும்.

மேற்படிப்புக்காக ஐரோப்பாவில் இருந்த ஆண்டுகளில், ஒரு கோடை விடுமுறையில் பிரான்சின் அல்சாஸ் பகுதியில் ஒரு சிற்றூர்ப் பங்கில் பணியாற்றினோம். ரைன் ஆற்றுக்கு மேற்கே, மலைச் சரிவெங்கும் ரீஸ்லிங் என்னும் வெள்ளைத் திராட்சை விளையும் நாடு அது. பங்கு இல்லத்தில் சமைத்துத் தர ஒரு மூதாட்டி வருவார். பெக்கஓஃபா என்னும் உணவை முதலில் அவர் கையால்தான் உண்டோம். ஆடு, மாடு, பன்றி ஆகிய மூவகை இறைச்சியையும் இரவு முழுதும் வெள்ளை ஒயினில் ஊறவைத்து, உருளைக்கிழங்கும் வெங்காயமும் அடுக்கடுக்காகப் பரப்பி, மண் பாத்திரத்தின் மூடியை மாவினால் ஒட்டி, மூன்று மணி நேரம் சூளையடுப்பில் வைப்பார். அப்பெயருக்கு ரொட்டிக்காரர் அடுப்பு என்பது பொருள். முற்காலத்தில் திங்கட்கிழமை துணி வெளுக்கும் நாளாதலால், பெண்கள் காலையில் பாத்திரத்தை ரொட்டிக்காரரிடம் கொடுத்துச் சென்று, நண்பகலில் வெந்த உணவைப் பெற்றுச் செல்வார்களாம்.

ஆகஸ்டு 15, அன்னையின் விண்ணேற்பு விழா. திருப்பலிக்குப் பின் பங்கு இல்லத் தோட்டத்தில் விருந்து. ரீஸ்லிங் ஒயினில் வேகவைத்து, காளானும் பாலேடும் சேர்த்த கோழி. நமக்கு அருகில் அமர்ந்தவர் கோவில் மணி அடிக்கும் முதியவர். அவர் தட்டை நோக்கியவாறே, “இதில் ஒயின் உண்டா?” என்று கேட்டார். நாமோ எல்லாம் அறிந்தவர் போல, “நெருப்பு அதைக் குடித்துவிட்டது, நீங்கள் அஞ்சாமல் உண்ணலாம்” என்றோம். மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கரண்டியைக் கையில் எடுத்தார். சற்று நேரம் பிடித்திருந்தார். கீழே வைத்துவிட்டு ரொட்டியைப் பிட்டார்.

அந்நேரம் மூதாட்டி உள்ளிருந்து ஒரு சிறு சட்டியைக் கொண்டு வந்து அவர் முன் வைத்தார். அதே கோழி, அதே காளான். ஒயினுக்கு மாற்றாக ஆப்பிள் சாறும் சிறிது எலுமிச்சையும் சேர்த்துத் தனியாகச் சமைத்தது. ஒன்றும் கூறாமல் திரும்பிப் போனார். மாலையில் தட்டுகளைத் துடைத்து அடுக்கும்போது நம்மிடம் கூறினார்: “அவர் பதினொரு ஆண்டுகளாகத் தொடவில்லை, தந்தையே. நெருப்பு எல்லாவற்றையும் குடித்துவிடாது. அடுப்படியில் நிற்பவளுக்குத்தான் அது தெரியும்.”

நாணத்தால் நமக்கு மறுமொழி வரவில்லை. அம்மனிதர் நம் சொல்லை நம்பி உண்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்பது நமக்குத் தெரியாது. ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது. ஆயினும் பதினொரு ஆண்டுப் போராட்டத்தை, பாதி அறிந்த ஒரு சொல்லால், பலர் முன்னிலையில் நாம் உரசிப் பார்த்தோம். அதற்கு மறுநாள் மணிக்கூண்டின் கீழே நின்று அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் தோளைத் தட்டிவிட்டு மணிக்கயிற்றைப் பிடித்தார்.

நெருப்பு எவ்வளவு குடிக்கிறது?

சாராயச் சத்து 78 பாகையில் கொதிக்கும். நீர் 100 பாகையில் கொதிக்கும். ஆகவே முன்னது முழுதும் பறந்துவிடும் என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து நிற்கும்போது ஒன்றை மட்டும் பிரித்து முழுதும் விரட்ட இயலாது. ஆவி போகும்போது இரண்டும் சேர்ந்தே போகும். சட்டியில் நீர் உள்ளவரை சிறிது சாராயமும் தங்கும்.

இதனை அமெரிக்க ஆய்வாளர்கள் பல உணவுகளைச் சமைத்து அளந்து, 1992-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். கொதிக்கும் உணவில் ஊற்றி உடனே இறக்கினால் நூற்றுக்கு 85 பங்கு எஞ்சும். ஊற்றித் தீக்கொளுத்திக் காட்டும் வேடிக்கை உணவிலும் 75 பங்கு எஞ்சும். கலந்து மெல்லக் கொதித்தால் 15 நிமிடத்தில் 40 பங்கும், அரை மணியில் 35 பங்கும், ஒரு மணியில் 25 பங்கும், இரண்டு மணியில் 10 பங்கும் எஞ்சும். இரண்டரை மணி கொதித்த பின்னும் 5 பங்கு எஞ்சும். அகன்ற பாத்திரத்தில் விரைவாகப் போகும். குறுகிய பாத்திரத்திலும் மூடிய பாத்திரத்திலும் மெதுவாகவே போகும்.

இப்போது மகளின் சோற்றுக்கு வருவோம். 100 மில்லி ஒயினில் சாராயச் சத்து ஏறத்தாழ 12 மில்லி. 18 நிமிடத்தில் 40 பங்கை ஒட்டி எஞ்சியது என்று கொண்டாலும், நான்கு தட்டுகளுக்கும் சேர்ந்து 5 மில்லி. தட்டு ஒன்றுக்கு ஒரு மில்லியைச் சற்றே கடக்கும். அது ஒருவரையும் மயக்காது. ஆனால் அவர் செய்ய நினைக்கும் சபாயோனே வேறு. அது கொதிப்பதே இல்லை. சில நிமிடங்களே ஆவியில் நிற்கிறது. ஒரு கருவுக்கு 30 மில்லி மார்சாலா என்றால் அதில் 5 மில்லிக்கு மேல் சாராயச் சத்து. அதில் பெரும்பகுதி கிண்ணத்திலேயே இருக்கும். பெயர் இனிப்பு, உள்ளிருப்பது மது.

அளவு சிறிதாயினும் சிலருக்கு அது சிறிதன்று. குடியை விட மருத்துவர்கள் தரும் டைசல்ஃபிராம் என்னும் மாத்திரையை உட்கொள்வோர், உணவில் கலந்த சிறிதளவு சாராயத்தாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்துத் துன்புறக்கூடும். கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் அமரும் பந்தியிலும் கவனம் வேண்டும். சமயக் கட்டளையால் மதுவை விலக்கிய அண்டை வீட்டார் நம் விருந்துக்கு வருவதும் உண்டு. குடியை வென்றவருக்கோ மணமும் சுவையுமே பழைய வாசலைத் தட்டும். அக்கதவுக்குப் பின்னால் இருப்பது அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டுமே தெரியும்.

மாற்று உண்டு

ஒயின் இல்லாமல் சுவை வராது என்பாரும் உளர். நம் நாட்டிலேயே அதற்கு மறுப்பு உண்டு. போர்த்துகீசியர் ஒயினும் பூண்டும் சேர்த்து இறைச்சியை ஊறவைக்கும் முறையைக் கோவாவுக்குக் கொண்டு வந்தனர். ஒயினின் இடத்தை அங்குத் தென்னங்கள்ளின் காடி பிடித்தது. மிளகாயும் மசாலாவும் கூடின. விண்டாலு என்று உலகம் இன்று அறிவது அதுவே. இடம் மாறிய புளிப்பு அவ்வுணவைக் குறைத்துவிடவில்லை. பிரான்சிலும் கனியாத திராட்சையைப் பிழிந்த புளிச்சாறு பல நூற்றாண்டுகளாகச் சமையலில் உண்டு. அதில் சாராயம் இல்லை.

ரிசோட்டோவில் ஒயினுக்கு மாற்றாக எலும்புச் சாற்றையே ஊற்றி, இறக்கும்போது அரை மூடி எலுமிச்சை பிழியலாம். கோழிக்கு ஆப்பிள் சாறும் எலுமிச்சையும் போதும். காடியைச் சேர்க்கலாம்; ஆயினும் மேற்சொன்ன மாத்திரையை உட்கொள்வோர் அதையும் மருத்துவரைக் கேட்டே சேர்க்க வேண்டும். பேரிக்காயைத் திராட்சைச் சாற்றிலேயே வேகவைக்கலாம். சபாயோனே பொங்குவது ஒயினால் அன்று, முட்டையால். திராட்சைச் சாறும் எலுமிச்சையும் சேர்த்து அடித்தாலும் அதே நுரை எழும். சாறு தானே இனிப்பதால் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

அத்தாய்க்கு நம் விடை

அம்மா, உங்கள் மகள் சொன்னதில் பாதி மெய். அறியாமல் செய்ததில் அவருக்குக் குற்றமில்லை. அறியாமல் உண்டதில் உங்கள் கணவருக்கும் குற்றமில்லை. அவருடைய ஒன்பது ஆண்டு நோன்பு முறிந்துவிட்டதென எண்ண வேண்டா. நோன்பு மனத்தில் இருப்பது; அவர் மனம் இசையவில்லை.

ஆனால் அவரிடம் சொல்லுங்கள். மறைத்தால், என்றேனும் வேறொருவர் வாயிலாக அவர் அறிவார். தம்முடைய வெற்றியைக் காக்கத் தாம் நம்பியிருக்கும் வீட்டாரே தம்மிடம் ஒளித்தனர் என்ற எண்ணம், ஒரு மில்லி சாராயத்தினும் கொடியது. குற்றம் சாட்டும் குரலில் அன்று, உணவு பரிமாறும் குரலில் சொல்லுங்கள். மகளுக்கும் இப்போதே எழுதிவிடுங்கள். அவர் அன்போடு வருகிறார். அன்புக்கு வழி காட்டினால் போதும்.

ஒயினை இழிவென்று நாம் கூறவில்லை. ஒவ்வொரு நாளும் பீடத்தில் அதனைக் கையில் ஏந்துகிறோம். ஆயினும் அப்பீடத்திலேயே திருச்சபை காட்டும் பரிவைப் பாருங்கள். நோயாலோ பழைய பழக்கத்தாலோ ஒயினைத் தொட இயலாத குரு ஒருவர், ஆயரின் அனுமதியோடு, புளிப்பேறாமல் நிறுத்திய திராட்சைச் சாற்றைக் கொண்டு திருப்பலி நிறைவேற்றலாம். விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2003-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் இதனை உறுதி செய்துள்ளது. பலவீனமுள்ள ஒருவருக்காகப் பீடத்திலேயே இடம் விட முடியுமானால், நம் அடுக்களையில் ஒரு சிறு சட்டியைத் தனியாக வைக்க இயலாதா? தம் உணவால் சகோதரர் இடறுவாரானால் அவ்வுணவையே விட்டுவிடத் துணிந்தவர் புனித பவுல்.

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. அவ்வினத்தை 1832-இல் பிரெஞ்சுக் குரு ஒருவர் தமிழகத்துக்குக் கொண்டு வந்தார் என்பர். அதில் ஒரு கிலோ வாங்கி, தோல் நசுங்காமல் மெல்லப் பிழிந்து வடிகட்டி வையுங்கள். மகள் வந்ததும் அதனைக் கையில் கொடுத்து, “இதை ஊற்றி அடி” என்று சொல்லுங்கள். நுரை சற்றே செந்நிறமாக வரும். முதற் கிண்ணத்தை அப்பாவுக்குக் கொடுங்கள்.